பேய்க்குப் பசிப்பதில்லை

ரேஷன் கார்டில் பிலோமினா.
அட்டையில் நிலவினி.
பாம்பன் ஐஸ் பிளாண்டில் கணக்கெழுதும் நோட்டின்
பின்பக்கத்திலிருந்து தொடங்கியது அது.
முன்னாலிருந்து கணக்கும் பின்னாலிருந்து கதையும்
வந்து முட்டிய தாளில்
நாற்பது ஐஸ் பாரும் ஒரு முத்தமும்
அடுத்தடுத்துக் கிடந்தன.

சூசை என்றுதான் எழுதி அனுப்பினேன்,
ஆரவ் என்று அச்சாகி வந்தான்.
மீசை அரும்பிய பதினேழு வயது.
கடலில் போனவன்,
அமாவாசைக்கு அமாவாசை ஏறி வருவான்.
பிளஸ் டூ படிக்கும் ஒருத்தியின்
ஜன்னல் கம்பியில் உப்புப் பூக்கும்.
அவ்வளவுதான் கதை.
அதை இருபத்திரண்டு தடவை எழுதினேன்.

'ரத்தம் குடிக்கிறவனா மாத்துங்க மேடம்,
இப்ப அதுதான் போகுது' என்றார்
சென்னையிலிருந்து கோதண்டபாணி.
விடிகாலையில் சுறா அறுத்த ரத்தம்
செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும் ஊர் சார் இது,
ரத்தத்துக்கு இங்கே எவள் மயங்குவாள்?
குளிர் போதும் என்றேன்.
குளிரைப் பற்றி எனக்குத் தெரியும்.

சட்டங்களும் நான் போட்டவைதான்.
நிழல் உண்டு, காலடி கிடையாது.
மூன்று தடவை பேர் சொன்னால் நிற்பான்.
ரயில் பாலத்தைத் தாண்ட மாட்டான்.
பேய்க்குப் பசிப்பதில்லை:
மூன்றாம் புத்தகம், நாற்பத்தோராம் பக்கம்.
பக்க எண் எனக்கு மறந்துவிடும்,
பரமக்குடியிலிருந்தும் முதுகுளத்தூரிலிருந்தும்
இன்லண்டில் எழுதிய பிள்ளைகளுக்கு மறக்காது.
'அக்கா, ஏழாவதுல அவன் டீ குடிக்கிறானே?'
அச்சுப்பிழை என்று பதில் போட்டேன்.

பிள்ளைகள் கட்டிக்கொண்டு போனார்கள்.
எனக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வந்தது.
அவனுக்கு மட்டும் பதினேழு.
பெற்றிருந்தால் என் மகன் வயசு
என்று ஒருநாள் தோன்றியதிலிருந்து
முத்தம் எழுதும்போது
வேறு பக்கம் பார்த்துக்கொண்டு எழுதினேன்.

கச்சான் ஓயாத ஓர் ஆனியில்
பாசி எடுக்கப் போகும் லூர்தம்மாள்
இடுப்பு வரை நனைந்து
பிளாண்ட் வாசலில் நின்றாள்.
அவள் மகன் போன படகில் ஐந்து பேர்,
நாலு உடல் கரைக்கு வந்தது.
மகள் வாசித்துக் காட்டுவாளாம்
அத்தனை புத்தகமும்.
பாராட்ட வரவில்லை.

'இத்தன தடவ வர்றான்.
அந்தப் பிள்ளையப் பாக்குறான், போயிர்றான்.
பெத்தவ வீட்டுப் பக்கம்
ஒரு தடவகூடப் போகலையேம்மா.
ஒரு வாய் சோறு போடச் சொல்லு.'

இருபத்து மூன்றில் எழுதினேன்.
காதலி தெருவுக்கு முந்தின சந்தில் திரும்புகிறான்.
கதவு சாத்தியில்லை.
பழைய சோறு, சுட்ட நெத்திலிக் கருவாடு.
மறுசோறு கேட்கிறான்.
முத்தத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

நாலு பக்கத்தையும் கோதண்டபாணி வெட்டினார்.
'ஸ்பீடு குறையுது மேடம்.
தவிர, உங்க ரூல் என்னாச்சு?'
அவர் சொன்னது சரிதான்.

வந்த பத்துப் பிரதியில் ஒன்றை எடுத்து
கணக்கு நோட்டில் நாலு தாள் கிழித்தேன்.
ஆரவ் என்று எழுத வரவில்லை.
சூசை என்றும் வரவில்லை.
பழைய நோட்டுகளைப் புரட்டினேன்.
கடைசியாகப் போன அன்று
பன்னிரண்டு பாருக்கு
அவன் போட்ட கையெழுத்து இருந்தது.
பிரிட்டோ.
இன்னும் பாக்கி அடிக்காத கணக்கு.
அந்தப் பேரில் எழுதி
சோற்றுப் பசை தடவி ஒட்டினேன்,
எண்பதுக்கும் எண்பத்தொன்றுக்கும் நடுவில்.
அந்த இடத்தில் புத்தகம் சரியாக மூடாது.

லூர்தம்மாள் விலை கேட்டாள்.
முப்பத்தைந்து என்றேன்.
முந்தியை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தாள்,
வாங்கிக்கொண்டேன்.

இருபத்து நாலுக்கு முன்பணம் வந்துவிட்டது.
வால் முளைத்த கடல்பெண் வேண்டுமாம்.
சரி என்றிருக்கிறேன்.
அவள் என்ன சாப்பிடுவாள் என்பதை
முதல் பக்கத்திலேயே
எழுதிவிட வேண்டும்.